பொடியன்களை மட்டும் பொறுக்காதீர்கள்: டைனாஸ்டி லீக் தொடங்குகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் டைனாஸ்டி ஃபேன்டஸி லீக் தொடங்குவது எப்படி என்று வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் ஒரு நாளிதழ் இதைப் பற்றி எழுதியதே பெரிய விஷயம், அதற்கு நன்றி. ஆனால் அதில் இருந்த முக்கியமான யோசனை எனக்கு ஒத்துவரவில்லை. முதல் டிராஃப்டில், அதாவது ஆட்டக்காரர்களை முறைவைத்துப் பங்கு போடும்போது, 21 வயதுக்கு உட்பட்ட பையன்களாகப் பார்த்து அள்ளிக்கொள்ளுங்கள், இரண்டு வருடம் கடைசி இடத்தில் கிடந்தாலும் பரவாயில்லை, மூன்றாம் வருடத்திலிருந்து உங்கள் ராஜ்ஜியம்தான் என்று எழுதியிருந்தீர்கள். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்கக் கால்பந்தை வைத்து ஆடுகிறவர்களுக்கு அது ஓரளவு சரி. இங்கிலீஷ் ப்ரீமியர் லீக்கை வைத்து ஆடப் போகிற எங்கள் கன்னியாகுமரிக் கரைப் பையன்களுக்கு அது சரிவராது. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், இடம் இல்லையென்றால் வெட்டிக்கொள்ளுங்கள்.

கட்டுரையைப் படிக்காதவர்களுக்காக விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபேன்டஸி என்றால் நிஜ ஆட்டக்காரர்களை நம் கற்பனை அணியில் எடுத்துக்கொண்டு, அவர்கள் நிஜ ஆட்டத்தில் செய்வதற்கு நமக்குப் புள்ளி சேர்க்கிற விளையாட்டு. நம்மில் பலர் ஆடுகிற சாதாரண ஃபேன்டஸி ப்ரீமியர் லீக்கில் 100 மில்லியன் பவுண்டு கற்பனைப் பணம், 15 ஆட்டக்காரர்கள், கோல் அடிப்பதில் பேர் பெற்ற ஹாலண்டை யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம், உலகமே அவரை வைத்திருக்கும். டிராஃப்ட் முறையில் அப்படி இல்லை, ஒரு லீக்கில் ஒரு ஆட்டக்காரர் ஒருவருக்குத்தான். டைனாஸ்டி அதற்கும் ஒரு படி மேலே: முதல் வருடம் எடுத்த அணி அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் உங்களிடமே இருக்கும், ஒவ்வொரு கோடையிலும் லீக்குக்குப் புதிதாக வந்தவர்களை மட்டும் மறுபடி பங்கு போட்டுக்கொள்வோம், கடைசி இடத்தில் முடித்தவருக்கு முதல் வாய்ப்பு. இந்த ஃபேன்டஸி ஆட்டமே அமெரிக்கச் சரக்குதான். 1962-இல் ஓக்லண்ட் ரைடர்ஸ் என்கிற அமெரிக்கக் கால்பந்து அணியில் பங்கு வைத்திருந்த பில் விங்கன்பாக் என்பவரும் கூட இருந்தவர்களும் நியூயார்க் ஹோட்டல் ஒன்றில் உட்கார்ந்து விதி எழுதினார்கள், அடுத்த வருடம் முதல் டிராஃப்ட் நடந்தது. ப்ரீமியர் லீக்கின் அதிகாரபூர்வ டிராஃப்ட் விளையாட்டு ஒவ்வொரு சீசன் முடிவிலும் அணிகளைக் கலைத்துவிடும், அதனால் டைனாஸ்டி வேண்டுமென்றால் ஃபேன்ட்ராக்ஸ் மாதிரித் தளத்துக்குப் போக வேண்டும், இல்லையென்றால் கூகுள் ஷீட்டில் நாமே கணக்கு எழுத வேண்டும். கணக்கு எழுதப் பொறுமையுள்ள ஒரு ஆள் எல்லா ஊரிலும் இருப்பார், அவரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எங்கள் நிலைமை. நீரோடியிலிருந்து வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இனயம் வரைக்கும் உள்ள கடற்கரையில் கால்பந்து எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோயில் திருவிழா என்றால் டோர்ணமென்ட், டோர்ணமென்ட் என்றால் ஊரே மணலில். ஆனால் இதே பையன்களில் நிறையப் பேர் ஆழ்கடலுக்குத் தங்கல் போகிறவர்கள். போட்டு, அதாவது விசைப்படகு, புறப்பட்டால் கரையைப் பார்க்க ஒரு மாதம், அதற்கு மேலும் ஆகும், கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் போனில் டவர் கிடையாது. சனிக்கிழமை சாயங்காலம் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் பதினொரு பேரை மாற்றி வை என்று லட்சத்தீவுக்கு அப்பால் சூரைக்குத் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறவனிடம் யார் சொல்வது? உங்கள் கட்டுரையில் வாரா வாரம் அணியைப் பார்த்துக்கொள்ளுங்கள், காயம் பட்டவனை உடனே மாற்றுங்கள் என்று இருந்தது. அது நாகர்கோவிலில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு.

அதனால் எங்கள் மாதிரி ஆட்கள் லீக் தொடங்கினால் முதலில் பேச வேண்டியது ஆட்டக்காரர்களைப் பற்றி இல்லை, விதியைப் பற்றி. பெஸ்ட் பால் என்று ஒரு முறை இருக்கிறது. வாரம் முடிந்த பிறகு உங்கள் அணியில் அதிகப் புள்ளி எடுத்த பதினொரு பேரைக் கணக்கு தானாகவே எடுத்துக்கொள்ளும், யாரும் எதையும் மாற்றி வைக்க வேண்டாம். கடலில் இருக்கிறவனும் துபாயில் டூட்டியில் இருக்கிறவனும் வீட்டில் சும்மா இருக்கிறவனும் ஒரே நிலையில் நிற்பார்கள். இந்த ஒரு விதியை மாற்றினாலே டிராஃப்ட் தந்திரம் முழுக்க மாறிவிடும், அதைக் கீழே சொல்கிறேன்.

இன்னொன்று, இது எங்களுக்கு வாய்த்த அதிர்ஷ்டம் என்றே நினைக்கிறேன். மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ப்ரீமியர் லீக் சீசன் வழக்கமாக மே கடைசியில் முடிந்து ஆகஸ்டில் தொடங்கும். அதாவது டிராஃப்ட் நடத்த வேண்டிய சமயத்தில் எல்லாரும் கரையில், வேலையும் இல்லாமல், வலையைச் சரிபார்த்துக்கொண்டு இருப்பார்கள். ஜூலை கடைசி ஞாயிற்றுக்கிழமை வைத்தால் வளைகுடாவில் இருக்கிறவர்களையும் வீடியோ காலில் கூப்பிட்டுவிடலாம். ஒரே ஒரு சிக்கல், அந்த நேரத்தில் டிரான்ஸ்ஃபர் சந்தை திறந்தே கிடக்கும். 2023-இல் ஹாரி கேன் டாட்டன்ஹாமை விட்டு ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக்குக்குப் போனது ஆகஸ்ட் 12, அதற்கு முந்தின நாள்தான் சீசன் தொடங்கியிருந்தது. ஜூலையில் கேனை முதல் சுற்றில் எடுத்திருந்தால் அவ்வளவுதான், தலையில் துண்டு.

இங்கேதான் உங்கள் கட்டுரையோடு எனக்கு உள்ள பெரிய சண்டை. அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்-இல் புது ஆட்டக்காரர்கள் ஏறக்குறைய எல்லாரும் கல்லூரியிலிருந்துதான் வருவார்கள், உலகத்தில் வேறெங்கும் அந்த ஆட்டத்துக்கு அவ்வளவு பெரிய லீக் இல்லை, அதனால் உள்ளே வந்தவன் வெளியே போவதும் கிடையாது. ரன்னிங் பேக் என்கிற இடத்தில் ஆடுகிறவர்களில் பலருக்கு 27, 28 வயதிலேயே கால் தளர்ந்துவிடும். அங்கே இளசுகளைச் சேர்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. நம்ம ஆட்டம் அப்படியா? ஒவ்வொரு கோடையிலும் ஜெர்மனியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் பிரான்சிலிருந்தும் முழுதாக விளைந்த ஆட்டக்காரர்கள் இங்கிலாந்துக்கு வந்து இறங்குகிறார்கள். 2022-இல் டார்ட்மண்டிலிருந்து ஹாலண்ட் வந்தார், வயது 22, முதல் சீசனிலேயே 36 கோல், ப்ரீமியர் லீக் சாதனை. அந்தக் கோடையில் ஒரு டைனாஸ்டி லீக் நடந்துகொண்டிருந்தால், புது வரவுகளுக்கான டிராஃப்டில் முதல் வாய்ப்பு வைத்திருந்தவனுக்கு அவர் சும்மா கிடைத்திருப்பார், மூன்று வருடம் காத்திருக்கவே வேண்டாம். 2025 கோடையில் மட்டும் விர்ட்ஸும் எகிடிகேயும் லிவர்பூலுக்கு வந்தார்கள், க்யோகெரெஸ் ஆர்சனலுக்கு, ஷெஷ்கோ மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு. அகாடமியில் இருக்கிற 17 வயதுப் பையனை வைத்து இரண்டு வருடம் பெஞ்சு தேய்ப்பதைவிட, அடுத்த வருடத்து முதல் சுற்று வாய்ப்பை வைத்திருப்பது நூறு மடங்கு மேல். இளமை வேண்டுமென்றால் அதை அடுத்த கோடையின் வாய்ப்புகளாகச் சேருங்கள், பையன்களாகச் சேர்க்காதீர்கள். இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்தது இதுதான், மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

பையன்கள் எப்படிக் கவிழ்வார்கள் என்பதற்கு ஒரு மாலையே கோக்கலாம். எவன் ஃபெர்குசன், பிரைட்டன் அணிக்காக 2023 செப்டம்பரில் நியூகாசிலுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தபோது வயது 18. அன்றைக்கு டைனாஸ்டி ஆடுகிற எவனிடம் கேட்டாலும் ஹாலண்டுக்கு அடுத்து இவர்தான் என்று சொல்லியிருப்பான். அப்புறம் காயம், ஃபார்ம் போனது, வெஸ்ட் ஹாம் அணிக்குக் கடனாக அனுப்பினார்கள், பிறகு இத்தாலியில் ரோமா அணிக்குக் கடனாக. டெலே அலி 2016-17-இல் 18 லீக் கோல் அடித்தார், அதற்கு முந்தைய வருடமும் அந்த வருடமும் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருது அவருக்கே, 25 வயதில் டாட்டன்ஹாமில் இடமே இல்லை. அன்சு ஃபாட்டி பார்சிலோனாவில் 16 வயதில் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தவர், முழங்கால் போன பிறகு 2023-24-இல் கடனாக பிரைட்டனுக்கு வந்து லீக்கில் இரண்டே கோல். இவர்களைக் குறை சொல்லவில்லை, காயத்தை யார் கேட்டு வாங்குகிறார்கள்? நம்ம கடற்கரையில் பிறந்து இந்தியன் சூப்பர் லீக் வரைக்கும் போன மைக்கேல் சூசைராஜுக்கு 2020 நவம்பரில் ஏடிகே மோகன் பகானின் சீசன் முதல் ஆட்டத்திலேயே அடிபட்டு அந்த சீசன் முழுக்கப் போனதை நாமும் பார்த்தோம் இல்லையா.

மறுபக்கம் பாருங்கள். ஜேமி வார்டி ப்ரீமியர் லீக்கில் முதல் ஆட்டம் ஆடியதே 27 வயதில், 33 வயதில் 23 கோல் அடித்து அதிக கோலுக்கான கோல்டன் பூட் வாங்கினார். கிறிஸ் வுட் 2024-25-இல் நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்காக 20 கோல், அவருக்கும் அப்போது வயது 33. அந்த வருடம் எந்த டைனாஸ்டி டிராஃப்டிலும் வுட் கடைசிச் சுற்று வரை கிடந்திருப்பார், எடுத்தவனைப் பார்த்து மற்றவர்கள் சிரித்திருப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே லிவர்பூலின் சாலா. அதே சீசனில் 32 வயதில் 29 கோல், 18 அசிஸ்ட் (கோலுக்குக் கடைசிப் பாஸ்), இரண்டையும் கூட்டினால் 47, 38 ஆட்டம் உள்ள சீசனில் அதற்கு முன்னால் அவ்வளவு யாருமே எடுத்ததில்லை. ஃபேன்டஸி ப்ரீமியர் லீக்கில் 344 புள்ளி, அதுவும் சாதனை. முப்பது தாண்டியவர்களைத் தொடாதே என்று விதி வைத்துக்கொண்டவன் அந்தக் கோப்பையை அடுத்தவனுக்குத் தூக்கிக் கொடுத்தான்.

அதற்காகக் கிழவர்களை மட்டும் எடு என்று சொல்லவில்லை. புது லீக்கில் எல்லாரும் இளசுகளை நோக்கி ஓடும்போது 25 முதல் 29 வயது வரை உள்ளவர்கள் மலிவாகக் கிடைப்பார்கள், அதுதான் நம்ம சரக்கு. இவர்களுக்கு இன்னும் நான்கு ஐந்து சீசன் மிச்சம் இருக்கிறது, அணியில் இடம் உறுதி, மேனேஜர் மாறினாலும் பெஞ்சுக்குப் போக மாட்டார்கள். எம்பூமோவை எடுத்துக்கொள்ளுங்கள், 2024-25-இல் பிரென்ட்ஃபோர்டுக்காக 20 கோல் அடித்தபோது வயது 25, அதற்கு முன்னால் அவரை யாரும் முதல் ஐந்து சுற்றில் எடுத்திருக்க மாட்டார்கள், அடுத்த கோடையில் மான்செஸ்டர் யுனைடெட் வாங்கிக்கொண்டு போனது. புரூனோ ஃபெர்னாண்டஸ் 25 வயதில் 2020 ஜனவரியில் இங்கே வந்தார். பெனால்டி அவருக்கு, ஃப்ரீ கிக் அவருக்கு, காயம் என்று உட்கார்ந்ததே அபூர்வம். அப்போது அவரை எடுத்து வைத்தவன் வருடக்கணக்காகக் கவலையே இல்லாமல் இருந்திருப்பான்.

வயதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஒப்பந்தம். டைனாஸ்டி என்றால் பல வருடம், அப்படியென்றால் அந்த ஆள் பல வருடம் இங்கிலாந்தில் இருக்க வேண்டும். ஹாலண்ட் 2025 ஜனவரியில் போட்ட ஒப்பந்தம் 2034 வரைக்கும். கோல் பால்மர் செல்சியோடு 2033 வரைக்கும். ஒப்பந்தம் இருந்தாலும் விற்கலாம், அது வேறு, ஆனால் சும்மா போக முடியாது, விலையும் வானத்தில் நிற்கும். ஒப்பந்தம் முடிகிறவர்களைப் பாருங்கள்: 2025-இல் டி புருய்னே நாபோலிக்குப் போனார், அலெக்சாண்டர்-அர்னால்டு ரியல் மாட்ரிடுக்குப் போனார், ஒப்பந்தம் முடிய ஒரே வருடம் இருந்த டாட்டன்ஹாமின் சன் ஹியூங்-மின் அந்த ஆகஸ்டில் அமெரிக்காவுக்கே போய்விட்டார். அர்னால்டுக்கு வயது 26 தான், வயதை மட்டும் பார்த்து எடுத்தவனுக்குப் பட்டை நாமம். அதனால் டிராஃப்டுக்கு முன்னால் ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் வயதோடு ஒப்பந்தம் முடியும் வருடத்தையும் எழுதி வையுங்கள். அதோடு லீக்கை விட்டுப் போனவர்களுக்கு என்ன விதி என்று முதலிலேயே பேசிவிடுங்கள். என் யோசனை, போனவரை ஒரு தனிப் பட்டியலில் வைத்துக்கொள்ளலாம், திரும்பி வந்தால் பழைய முதலாளிக்கே உரிமை, ஆனால் ஒருவர் இரண்டு பேருக்கு மேல் அப்படி வைக்கக் கூடாது. இதைப் பேசாமல் தொடங்கினால் நடுவில் சண்டை வந்தே தீரும்.

தரம் இறங்குகிற அணிகள் விஷயமும் அப்படித்தான். வருடம் மூன்று அணி கீழ் லீக்குக்குப் போகும், அங்கிருந்து மூன்று மேலே வரும். 2023-24-இல் மேலே வந்த மூன்றும் அதே வருடம் இறங்கின, 2024-25-லும் அதே கதை. புதிதாக ஏறி வந்த அணியிலிருந்து கோல்கீப்பரையோ டிஃபெண்டரையோ எடுக்காதீர்கள். ஃபார்வர்டு என்றால் யோசிக்கலாம், நன்றாக ஆடினால் பெரிய அணி வாங்கிக்கொள்ளும். இப்ஸ்விச் இறங்கிய வருடம் அதில் 12 கோல் அடித்த லியாம் டெலாப்பை செல்சி வாங்கியது.

இனி பெஸ்ட் பாலும் டிராஃப்ட் வரிசையும். பத்து அணி, ஆளுக்கு இருபது பேர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 200 பேர். ப்ரீமியர் லீக்கில் இருபது அணி, ஒரு வாரத்தில் தொடக்கத்திலிருந்து ஆடுகிறவர்கள் 220 பேர். ஆக டிராஃப்ட் முடியும்போது உருப்படியான ஆள் வெளியே ஏறக்குறைய யாருமே இருக்க மாட்டார்கள், நடுவில் யாருக்காவது காயம் என்றால் தெருவிலிருந்து ஆள் பிடிக்க முடியாது. பெஸ்ட் பாலில் ஆழம்தான் உயிர். ஒரு பெரிய பெயருக்காக நடு வரிசையைக் காலி செய்கிறவன் நவம்பர், டிசம்பரில் மூழ்குவான். ரோட்ரி 2024 செப்டம்பரில் முழங்கால் போய் உட்கார்ந்தார், அடுத்த மாதம் உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் டோர் விருது வாங்கினார், மேடை ஏற ஊன்றுகோலோடு போக வேண்டியிருந்தது. உலகத்திலேயே சிறந்த ஆட்டக்காரர் உங்கள் அணியில் இருந்தும் புள்ளி சைபர். அதே பெஸ்ட் பாலில் ஒரு வாரம் மூன்று கோல், நான்கு வாரம் ஒன்றுமில்லை என்று ஆடுகிற ஆட்களுக்கு மதிப்பு கூடும், ஏனென்றால் அவர்கள் சும்மா இருந்த வாரம் கணக்கிலேயே வராது. வாரா வாரம் நிதானமாக மூன்று புள்ளி எடுக்கிறவனைவிட இவன்தான் வேண்டும். கடைசி ஐந்து சுற்றில் இப்படிப்பட்டவர்களாகப் பொறுக்குங்கள், வேகமான விங்கர், சப்ஸ்டிட்யூட்டாக வந்து கோல் அடிக்கிறவன், ஃப்ரீ கிக் எடுக்கிறவன்.

ஸ்னேக் டிராஃப்ட் என்றால் வரிசை ஒரு சுற்று முன்னால், அடுத்த சுற்று பின்னால். குலுக்கலில் ஒன்றாம் இடம் வந்தால் உங்களுக்கு 1, 20, 21, 40. பத்தாம் இடம் என்றால் 10, 11, 30, 31. ஐந்தாம் இடம் என்றால் 5, 16, 25, 36. ஒன்றாம் இடத்துக்குக் கும்பிட்டுக்கொண்டு நிற்பார்கள், சரி, ஹாலண்ட் கிடைப்பார், ஆனால் அடுத்த ஆளை எடுப்பதற்குள் பதினெட்டுப் பேர் போயிருப்பார்கள். எனக்கு நடுவில்தான் பிடிக்கும், யாராவது கோல்கீப்பரையோ ஃபார்வர்டையோ வரிசையாக அள்ளத் தொடங்கினால் நடுவில் இருக்கிறவன் சீக்கிரம் சுதாரிக்கலாம். என்னைக் கேட்டால் ஸ்னேக்கே வேண்டாம், ஏலம் வையுங்கள். ஆளுக்கு 200 ரூபாய் கற்பனைப் பணம், ஒவ்வொரு பெயராகக் கூறு போட வேண்டியது. ஏலம் எங்கள் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய விஷயமா? தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் முதல் கூடைக்கே பணத்தை எல்லாம் கொட்டுகிற வியாபாரி கடைசியில் காலி வண்டியோடு போவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். முதல் பத்துப் பெயருக்கு எல்லாரும் பைத்தியம் பிடித்து ஏற்றுவார்கள், அப்போது வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள், நாற்பதாவது பெயர் வரும்போது கையில் பணம் இருப்பது உங்களுக்கு மட்டும்தான்.

இடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அதிகாரபூர்வப் புள்ளிமுறையையே வைத்துக்கொண்டால் டிஃபெண்டர் கோல் அடித்தால் 6, மிட்ஃபீல்டருக்கு 5, ஃபார்வர்டுக்கு 4, அசிஸ்டுக்கு 3, கோல் வாங்காமல் முடித்தால் கீப்பருக்கும் டிஃபெண்டருக்கும் 4. 2025-26 முதல் தடுப்பாட்டத்துக்கும் 2 புள்ளி வந்திருக்கிறது, டிஃபெண்டர் ஒரு ஆட்டத்தில் பந்தை வெளியேற்றுவது, தடுப்பது, பறிப்பது எல்லாம் சேர்த்துப் பத்து செய்தால் கிடைக்கும். இதனால் டார்கோவ்ஸ்கி மாதிரி அழகில்லாமல் ஆடுகிற சென்டர் பேக்குகளுக்கும் திடீரென்று விலை வந்துவிட்டது, அவர்களைப் பத்தாம் சுற்றுக்குப் பிறகு எடுங்கள், சின்ன அணியானாலும் பரவாயில்லை, சின்ன அணிக்குத்தான் தடுக்கிற வேலை அதிகம். கோல்கீப்பரை யாரும் முதலில் எடுக்க வேண்டாம், நல்லவனுக்கும் சுமாரானவனுக்கும் புள்ளியில் பெரிய இடைவெளி இருக்காது. ஆனால் ஆளுக்குக் குறைந்தது இரண்டு கீப்பர் என்று விதி வைத்தால் பத்து அணிக்கு இருபது கீப்பர், லீக்கில் ஆடுகிற கீப்பரும் இருபதே பேர். ஒருவன் மூன்று பேரை எடுத்து வைத்தால் இன்னொருவனுக்கு ஆடாத கீப்பர்தான். கீப்பர்கள் 35 தாண்டியும் ஆடுவார்கள், அதனால் பிக்ஃபோர்டு, ராயா வயதுக்காரர்களைத் தயங்காமல் எடுக்கலாம், அது ஒன்றுதான் இந்த ஆட்டத்தில் முப்பது வயது இளமையாக இருக்கிற இடம். அப்புறம், ஒவ்வொரு வருடமும் அதிகாரபூர்வ விளையாட்டில் சிலருடைய இடத்தை மாற்றுவார்கள், ஹாவெர்ட்ஸை 2024-25-இல் மிட்ஃபீல்டரிலிருந்து ஃபார்வர்டாக மாற்றினார்கள், கோலுக்கு ஒரு புள்ளி போனது. எந்த வருடத்து இடம் செல்லும் என்பதையும் விதியில் எழுதிவிடுங்கள்.

அடுத்த வருட வாய்ப்பை வைத்திருக்கச் சொன்னேன் அல்லவா, அதை எப்படிச் சேர்ப்பது? டிராஃப்ட் அன்றைக்கே பேரம் பேசுங்கள். முதல் டிராஃப்டின்போது எல்லாருக்கும் அன்றைய அணிதான் கண்ணில் தெரியும், அடுத்த கோடை யாருக்கும் ஞாபகம் இருக்காது. "மக்கா, என்னோட நாலாவது சுற்றை நீ எடுத்துக்கோ, உன்னோட ஆறாவதும் அடுத்த வருஷத்து முதல் வாய்ப்பும் எனக்குத் தா" என்று கேட்டால் பத்தில் மூன்று பேராவது தலையாட்டுவார்கள். 1989-இல் என்எஃப்எல்-இல் நிஜமாகவே இது நடந்தது. மினசோட்டா வைகிங்ஸ் அணி ஹெர்ஷல் வாக்கர் என்கிற ஒரே ஆட்டக்காரருக்காக டல்லாஸ் கௌபாய்ஸுக்கு சில ஆட்டக்காரர்களையும் வருங்கால டிராஃப்ட் வாய்ப்புகளையும் குவியலாகக் கொடுத்தது. வாக்கரால் வைகிங்ஸுக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. கௌபாய்ஸ் 1992, 1993, 1995 சீசன்களில் அந்த லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை ஜெயித்தது. அன்றைக்குக் கௌபாய்ஸ் வாங்கியது வாய்ப்புகளை என்பதைக் கவனியுங்கள். எந்தப் பையனை எடுப்பது என்று அப்புறம்தான் முடிவு செய்தார்கள்.

ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். டைனாஸ்டி லீக் செத்துப்போவது பெரும்பாலும் இரண்டாவது வருடத்தில்தான், கடைசி இடத்தில் கிடக்கிறவன் ஆர்வம் போய் வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியேறுவான். உங்கள் கட்டுரை சொல்கிற மாதிரி மூன்று பேர் வேண்டுமென்றே இரண்டு வருடம் தோற்கத் தொடங்கினால் மற்ற ஏழு பேருக்கு என்ன சுவாரஸ்யம்? ஒரு அணிக்கு இரண்டு பெயர் எழுதுங்கள், ஒருவர் கடலுக்குப் போனால் இன்னொருவர் வீட்டில். தம்பியோ தங்கச்சியோ மனைவியோ யாராவது. எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் அண்ணன்மாரைவிட மேலாகப் புள்ளி விவரம் சொல்வார்கள், அவர்களை இரண்டாவது பெயராகப் போட்டுவிட்டுப் பிறகு நிஜத்தில் அணியை நடத்துவதே அவர்கள் என்று ஆனால் அதிலும் தப்பில்லை.

பணம் வேண்டாம். ஒரு ரூபாய்கூட வேண்டாம். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் சட்டம் போட்டுத் தடை செய்தது, ட்ரீம்11 உட்படப் பெரிய நிறுவனங்களே பணப் போட்டிகளை நிறுத்தின. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், பணம் வந்தால் முதல் வருடமே ஜெயிக்க வேண்டும் என்ற வெறி வந்துவிடும், பத்து வருடத்துக்கு என்று தொடங்கியது பத்து மாதத்தில் அடிதடியில் முடியும். தோற்றவன் எல்லாருக்கும் பொரோட்டாவும் மாட்டுக்கறியும் வாங்கித் தரட்டும், அது போதும்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இது பற்றிப் போடும்போது கோல் பட்டியலுக்குப் பதிலாக, ஒவ்வொரு அணியிலும் யாருடைய ஒப்பந்தம் எந்த வருடம் முடிகிறது, அந்தக் கோடையில் புதிதாக யார் வந்திருக்கிறார்கள் என்று ஒரு அட்டவணை போடுங்கள், வெட்டி வைத்துக்கொள்வோம். தயவுசெய்து அதை ஜூலை மூன்றாவது வாரத்துக்குள் போட்டுவிடுங்கள். தடை முடிந்த அன்றைக்கு ராத்திரியே போட்டுகள் புறப்பட்டுவிடும், ஆகஸ்டில் வந்தால் படிக்க இங்கே ஆள் இருக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
தூத்தூர் வட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம்.